ஒரு வயிற்றுச் செடிகள்

விடிந்ததும் விடியாததுமாகத் தனக்கொடி தோட்டத்துக்கு வந்து குனிந்து தரையைப் பார்த்தாள். அன்றைக்கும் பூ கொட்டிக் கிடந்தது. மஞ்சள் பூ, உள்ளே தொண்டையில் கறுப்புப் பொட்டு. மாசிப் பனியில் நனைந்து செம்மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்த பூக்களைப் பொறுக்கினால் ஒரு முறம் நிறையும். முறம் நிறையப் பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தலையில் சூடிக்கொள்ளவா முடியும்? காய் வேண்டும். முந்நூறு செடி இடுப்பளவு வளர்ந்து கிளைக்குக் கிளை பூத்து நிற்கிறது, ஒரு கூடைக் காய்க்கு வழியில்லை. அவளுக்கு இடுப்பு வலித்தது. பார்த்துப் பார்த்துக் கண்ணும் வலித்தது.

பின்னால் இருமல் கேட்டது. தணிகாசலம் எங்கே வந்தாலும் அவனுக்கு முன்னால் அவன் இருமல் வந்துவிடும்.

“இன்னிக்குமா?” என்றான்.

“இன்னிக்கும்தான்.”

“மாசி மகத்துக்கு இன்னும் பன்னண்டு நாளுதான் இருக்குது.”

“எனக்கும் எண்ணத் தெரியும்” என்றாள் அவள். சொன்ன பிறகு, இவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

தணிகாசலம் பதினெட்டு வருஷம் மில்லில் பஞ்சு அடிக்கிற பகுதியில் நின்றவன். மூக்கிலும் வாயிலும் பஞ்சு போய்ப் போய் நெஞ்சு கெட்டுவிட்டது. வெள்ளைக்காரத் தொக்தர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, உயிர்மேல் ஆசை இருந்தால் இனி பஞ்சுப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் மில்லை விட்டு நின்றான். ரெட்டியார்பாளையத்தில் அப்பன் விட்டுப்போன ஒரு காணியில் தன் பங்கு அரைக்காணியைப் பிரித்து வாங்கிக்கொண்டு மண்ணைக் கொத்த வந்தான். வந்து மூன்று வருஷம் ஆகிறது. கத்திரி போட்டான், பூச்சி தின்றது. மிளகாய் போட்டான், ஐப்பசி மழை அழுக வைத்தது. இப்போது மில்லில் அந்தப் பகுதிக்கு ஆள் கிடைக்கவில்லையாம். அம்மாவாசை என்கிற மேஸ்திரி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்: மாசி மகம் கழிந்த மறுநாள் காலைச் சங்குக்கு வந்து நின்றால் பழைய இடம் கிடைக்கும், வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். தோட்டம் இரண்டு பேருக்குக் கஞ்சி ஊற்றினால் அவன் போக வேண்டியதில்லை. இல்லையென்றால் போகத்தான் வேண்டும். போனால் எத்தனை நாள் தாங்குவான் என்று அவள் நினைக்காத பொழுது கிடையாது.

இந்தச் செடி வந்த கதை வேறு. டவுனில் வெள்ளைக்காரத் தெருவில், எல்லோரும் கப்பல் ஏறிய பிறகும் போகாமல் தங்கிவிட்ட ஒரு மதாம் இருந்தாள். அவள் புருஷன் மெக்சிகோ என்கிற தேசத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவனாம். அங்கே தின்ற பச்சைத் தக்காளியின் ருசி அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. யாரோ தபாலில் அனுப்பிய விதையை அவள் வீட்டுக் குசினியில் சமைக்கிற கோவிந்தராசு ஒரு சிட்டிகை கொண்டுவந்து தனக்கொடியிடம் கொடுத்தார். தனக்கொடியின் கை ராசியான கை என்று உழவர்கரை வரைக்கும் பேர். நாற்றங்காலில் முதல் விதை போட அவளைக் கூப்பிட்டுப் போவார்கள்.

முளைத்ததைப் பார்த்துத் தணிகாசலம் சிரித்தான். வேலியோரம் தானாக மண்டுகிற சொடக்குத் தக்காளியின் அண்ணன் போல இருந்தது. அதே மாதிரி காயைச் சுற்றி ஒரு கூடு. ஆனால் சொடக்குத் தக்காளியில் காய் சுண்டைக்காய் அளவு இருக்கும், இதில் கூட்டையே கிழித்துக்கொண்டு வெளியே வரும். கூட்டை உரித்தால் உள்ளே பச்சைக் காய், தொட்டால் பிசுபிசுப்பு. மதாம் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று சொன்னாள். இவர்கள் சட்டைத் தக்காளி என்று வைத்துவிட்டார்கள். சுட்டுப் பச்சைமிளகாயும் உப்பும் வைத்து அரைத்தால் கூழுக்கு அருமையான துவையல். மற்ற எது தின்றாலும் புரையேறுகிற தணிகாசலத்துக்கு அது மட்டும் தொண்டையில் இதமாக இறங்கியது.

ஆவணியில் நட்ட பன்னிரண்டு செடியில் பதினொன்று சுமார். காயெல்லாம் கோலிக்குண்டு. ஒரு செடி மட்டும் எலுமிச்சம்பழம் போலக் காய்த்துத் தள்ளியது. மதாம் அந்தக் காயை மூக்கில் வைத்து மோந்துவிட்டு, இதே மாதிரி வாரம் ஒரு கூடை எனக்கு, இரண்டு கூடை கடற்கரை ஓட்டலுக்கு, எவ்வளவு விளைந்தாலும் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினாள்.

அப்போதுதான் தனக்கொடிக்கு அந்த யோசனை வந்தது. நல்ல முருங்கை வேண்டுமென்றால் விதை போடுவார்களா யாராவது? நல்ல மரத்துப் போத்தை ஒடித்து நடுவார்கள். விதையில் பிறப்பது அப்பனைக் கொள்ளுமோ பாட்டனைக் கொள்ளுமோ, போத்து அப்படியே தாய்மரம்தான். மழை விட்டதும் அந்த ஒரு செடியின் கிளைகளை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினாள். மாயம் போல வேர் பிடித்தது. அதிலிருந்து கிளை, அந்தக் கிளையிலிருந்து கிளை என்று முந்நூறு ஆக்கிவிட்டாள். மற்ற பதினொன்றையும் சத்தைப் பங்கு போடக் கூடாதென்று பிடுங்கி எருக்குழியில் போட்டாள். அவ்வளவு கருத்தாகச் செய்தாள் பாவம். அந்தக் கருத்துதான் அவளைக் கவிழ்த்தது.

பத்து மணி வெயிலில் கோவிந்தராசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலிக்கூடை பின்னால் ஆடியது.

“இன்னாம்மா தனக்கொடி, செடி யானக்கன்னு மாதிரி நிக்குது! மதாம் தினமும் கேட்டு உயிர வாங்குது.”

“பாருங்கண்ணே, நீங்களே பாருங்க.”

அவர் ஒரு செடியில் தொங்கிய கூடு ஒன்றைக் கிள்ளி அழுத்தினார். ‘பொட்’டென்று சத்தம் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்று. அதுவும் காற்று.

“சட்ட இருக்குது, ஆளக் காணமே!” என்று சிரித்தார். சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சாணி அதிகமா போட்டியா?”

“போட்டுப் பாத்தன், கொறச்சும் பாத்தன். தண்ணி நிறுத்திப் பாத்தன். சாம்பல் தூவினன். நுனி கிள்ளிவுட்டன். இன்னும் இன்னாண்ணே பண்றது?”

“ஓரத்துல மட்டும் கொஞ்சம் காய் தெரியுதே.”

தெரிந்தது. பக்கத்து நிலத்து வடிவேலின் வரப்பை ஒட்டிய வரிசையில் மட்டும் ஏழெட்டுக் காய் கூட்டை நிறைத்துக்கொண்டு நின்றது. கோவிந்தராசு அதைப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டார். மதாமிடம் காட்ட ஏதாவது வேண்டுமே. காலிக்கூடை ஆடிக்கொண்டே திரும்பிப் போனது.

வடிவேல் தணிகாசலத்தின் தம்பி. அண்ணன் மில்லில் இருந்த பதினெட்டு வருஷமும் ஒரு காணியையும் ஒண்டியாகப் பயிர் வைத்தவன். திடீரென்று அண்ணன் வந்து பாதியைப் பிரித்துக்கொண்டதை அவனால் செரித்துக்கொள்ள முடியவில்லை. பாகம் பிரித்த அன்று பத்துப் பேர் முன்னால், “மில்லுக்காரனுக்கு மம்பட்டிய எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமா?” என்று கேட்டுவிட்டான். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கிணறு மட்டும் பொது. இன்ன நாள் இவன் முறை, இன்ன நாள் அவன் முறை. அவர்களுடைய பெண்சாதிகள் கிணற்றடியில் பேசிக்கொள்வதை ஆண்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள்.

கோவிந்தராசு போன பிறகு தணிகாசலம் வரப்பில் நின்று தம்பி பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். அங்கே வரப்போரத்து எருக்குழியை ஒட்டி நாலு சட்டைத் தக்காளி நோஞ்சான்களாக நின்றன. ஆவணியில் தனக்கொடி கழித்துப்போட்ட நாற்றை வடிவேல் பெண்சாதி அங்கம்மாள் பொறுக்கி நட்டது. காய் கோலிக்குண்டுதான். ஆனால் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது.

“கண்ணுதான்” என்றான் தணிகாசலம். “அவன் கண்ணுதான் இந்தப் போக்குப் போவுது.”

“கண்ணு பட்டா ஓரத்துச் செடிதானங்க மொதல்ல போவணும்? அங்கதான காய் இருக்குது?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

மறுநாள் அவன் இருமிக்கொண்டே தென்னங்கீற்றைப் பின்னி, ஆள் உயரத்துக்கு வரப்பு நெடுகத் தட்டி கட்டினான். அந்தப் பக்கம் வடிவேல் மண் அணைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மம்பட்டி விழுகிற சத்தம் மட்டும் பலமாகியது.

அதற்கு அடுத்த நாள் தனக்கொடி கையேற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இழுத்து இழுத்துத் தோள் மரத்துப் போயிருந்தது. தணிகாசலம் தூரத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். அங்கம்மாள் குடத்தோடு வந்து தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தனக்கொடிக்கென்று ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். அங்கம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம், மனசில் ஒன்றும் கிடையாது.

“மாமா தட்டி கட்டியிருக்குதேக்கா, எங்க மூஞ்சியெல்லாம் பாக்கப் புடிக்கலியா?”

“அத வுடுடி. எனக்கே வாழ்க்க வெறுத்துப் போச்சி. என் கையி ராசியான கையின்னானுங்க. இனிமே எவன் கூப்புடுவான்?”

“இன்னாத்துக்குக்கா காய்க்கல?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டனா? நல்ல செடி ஒண்ணுலேர்ந்து ஒடிச்சி ஒடிச்சி வெச்சன். அல்லாம் அதும் புள்ளைங்கதான்.”

அங்கம்மாள் சிரித்தாள். “அப்போ முந்நூறும் ஒரு வவுத்துப் புள்ளைங்க. ஒரே பங்காளிக் கூட்டமா நிக்குது. பங்காளிக்குள்ள எங்கயாவது பொண்ணு குடுத்து பொண்ணு எடுப்பாங்களா? பூக்கத்தான் பூக்கும், கல்யாணம் எங்கேர்ந்து நடக்கும்? வெளியூர்லேர்ந்து ஒரு மாப்பிள்ளயக் கூட்டியா!”

தனக்கொடியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கை நின்றுவிட்டது. ஏற்றக்கழி தானாக மேலே போய் ஆடியது.

ஓரத்து வரிசையில் மட்டும் காய். அதற்குப் பக்கத்தில் அங்கம்மாள் நட்ட நாலு செடி. தேனீ அங்கேயும் இங்கேயும் பறந்துகொண்டிருந்தது. தட்டி கட்டியதிலிருந்து அந்த வரிசையிலும் பூ கொட்டுகிறது. அங்கம்மாள் நீட்டிய கருவாட்டுக் குழம்பைக்கூட வாங்க மறந்து தோட்டத்துக்குள் ஓடினாள்.

மறுநாள் காலை, தணிகாசலம் எழுந்திருக்கும் முன்னால் தட்டியின் கீற்றை விலக்கிக் கையை விட்டு, வடிவேல் செடியிலிருந்து நாலைந்து பூவைக் கிள்ளினாள். திருட்டுத்தான். அந்தப் பூவின் பொடியைத் தன் செடியின் பூக்களுக்குள் ஒவ்வொன்றாக ஒற்றினாள். இருபது பூ. எது எதுவென்று தெரிய, பழைய புடவைக் கரையிலிருந்து சிவப்பு நூலை உருவி ஒவ்வொரு காம்பிலும் கட்டினாள். தாலி கட்டுகிற வேலை என்று நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

ஆறு நாள் போனது. நூல் கட்டாத பூ எப்போதும் போலக் கொட்டியது. நூல் கட்டிய இருபதில் பதினேழு நின்றது. ஒரு கூட்டை மெல்ல அழுத்திப் பார்த்தாள். காற்று இல்லை. உள்ளே பச்சைப்பயறு அளவுக்கு ஒரு மணி உருண்டது.

மகத்துக்கு மூன்று நாள் இருந்தது. தணிகாசலத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகத் தொட்டுப் பார்த்தான். முகம் மலர்ந்தது. வடிவேல் செடியின் பூ என்று சொன்னதும் அந்த மலர்ச்சி அப்படியே சுருங்கியது.

“போயி கேக்கலாங்க. நாலு செடிதான். போத்து ஒடிச்சி நம்ம செடிக்கு நடுவுல நடுவுல வெச்சா போதும். தட்டியப் பிரிச்சிடுங்க.”

“அவங்கிட்ட நான் போயி கை ஏந்தணுமா?”

“நான் ஏந்தறன்.”

“வேணாம்!” எழுந்தவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமலுக்கு நடுவிலேயே கத்தினான். “அவன் வூட்டு எருக்குழிக் கழிசடையாலதான் எங்குடும்பம் பொழைக்கணுமா? அதுக்கு நான் பஞ்சத் தின்னுட்டு செத்துப்போறன்! அந்தக் குப்பய எவன் அங்க வெக்கச் சொன்னான்?”

தட்டிக்கு அந்தப் பக்கம் மம்பட்டிச் சத்தம் நின்றது. கீற்றுத் தட்டி கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. அதைக் கட்டியவனுக்கே அது தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் யாரிடமும் சொல்லாமல் வண்டிப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வடிவேல் தோட்டத்துக்குப் போனாள். எருக்குழி ஓரம் வெறுமையாக இருந்தது. நாலு செடியும் வேரோடு பிடுங்கப்பட்டு வரப்பில் கிடந்தன. இலையெல்லாம் துவண்டிருந்தது. வடிவேல் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

“இப்பதான் புடுங்கனன் அண்ணி. மொதல்ல கண்ணுன்னாரு, இப்ப கழிசடன்னாரு. இனிமே நிம்மதியா இருக்கச் சொல்லுங்க.”

தனக்கொடி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழ வேண்டும் என்று நினைக்கவில்லை, தானாக வந்தது. மூன்று வருஷத்து அலுப்பும் அந்த அழுகையில் இருந்தது. வடிவேல் பதறி எழுந்தான். அங்கம்மாள் சாணிக் கையோடு ஓடிவந்தாள்.

“நீ சொன்ன மாப்பிள்ள இதாண்டி” என்றாள் தனக்கொடி, செடியைக் காட்டி. திருடிய பூ, கட்டிய நூல், நின்ற காய் எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி சொன்ன கெடுவையும் சொன்னாள். “அவுரு நாளன்னிக்கி மறுநாளு மில்லுக்குப் போவப் போறாரு தம்பி. தொக்தர் சொன்னது உனக்கும் தெரியும்.”

வடிவேல் பேசியது வேறு விஷயம்.

“பதினெட்டு வருசம் அண்ணி. கல்லும் முள்ளுமா கெடந்த காணி. அப்பாரு செத்தப்ப எனக்கு மீசகூட மொளைக்கல. ஒத்த ஆளா கெணறு தூரு வாங்கனன். பாகம் கேட்டதுக்கு நான் வருத்தப்படல. ‘ஒண்டியா கஷ்டப்பட்டியேடா’ன்னு அவரு வாயால ஒரு வார்த்த வந்துச்சா?”

“வரல. நெசந்தான். நான் யாரு பக்கமும் பேச வரல.”

“நானும் அன்னிக்கி அப்டி கேட்டிருக்கக் கூடாது. மில்லுக்காரன்னு.”

“அதும் நெசந்தான்.”

அங்கம்மாள் அதற்குள் செடிகளைப் பிரித்து வைத்துவிட்டாள். “நாலும் விதையில வந்ததுக்கா. நாலும் நாலு வவுத்துப் புள்ள. இந்தத் தண்டுல இன்னும் ஈரம் இருக்குது பாரு. பேசிக்கினே இருந்தா மாப்பிள்ள செத்துப்போவான்.”

வடிவேல் கத்தியை எடுத்து வந்தான். ஒடித்துத் தண்ணீர்க் குடத்தில் போட்டதில் அறுபது போத்து தேறியது. வாடாமல் மிஞ்சியிருந்த பூவையெல்லாம் அங்கம்மாள் மடியில் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு வெயில் ஏறுகிற வரைக்கும் பெண்கள் இரண்டு பேரும் முந்நூறு செடிக்கு நடுவே பூவை ஒற்றிக்கொண்டே நடந்தார்கள். சாயங்காலம் தனக்கொடியும் வடிவேலும் ஐந்து செடிக்கு ஒன்றாகப் போத்து ஊன்றினார்கள். தணிகாசலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. எழுந்து ஒருமுறை தட்டி வரைக்கும் நடந்தான், திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

மகத்தன்று ஊரே தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பத்துக் கடலுக்குப் போனது. மயிலம் சாமி வந்திருக்கிறது, தீவனூர் சாமி வந்திருக்கிறது என்று ரோட்டில் மேளமும் வண்டியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் போகவில்லை. வடிவேல் பிடுங்கிய செடியில் கிடைத்த காய் நாலைச் சுட்டுத் தனக்கொடி துவையல் அரைத்தாள். தணிகாசலம் கூழைக் குடித்துவிட்டு, “காய் வர எவ்ளோ நாளு ஆவும்?” என்று மட்டும் கேட்டான்.

“தொட்ட பூவுல ஒரு கூடக் காயி வரும், இருவது நாள்ல. போத்து வேரு புடிச்சி பூவு வுட ஒரு மாசம். அதுக்கப்புறம் காய். ஒண்ணர மாசம்னு வெச்சிக்கங்க.”

“ஒண்ணர மாசம் தாங்குவன்” என்றான் அவன். அவள் அவனைப் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பில் எதை வைப்பது? அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் முதல் சங்கு ஊதும்போது அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டான். தோட்டத்தில் வடிவேல் தட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். யாரையும் கேட்கவில்லை. பிரித்த கீற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, வெயில் படாமல் போத்துகளின் மேல் சாய்த்து நிழல் கட்டிக்கொண்டிருந்தான். பாதி வரப்பு திறந்திருந்தது.

தணிகாசலம் நின்றான். இருமல் வந்தது, அடங்கட்டும் என்று காத்திருந்தான். பிறகு தம்பியைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துச் சொன்னான்.

“இன்னிக்கி எம்மொற. மடைய நீயே திருப்பிக்க. ஒண்டியா பாக்கறது கஷ்டம்தான். உனக்குத்தான் தெரியும்.”

மூன்று வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. வடிவேல் கீற்றைக் கீழே வைத்துவிட்டு, தலையை ஆட்டினான். தணிகாசலம் ரோட்டில் ஏறி நடந்தான். சைக்கிளில் போகிற மில்லுக்காரர்கள் மணி அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். புளியமரத்துத் திருப்பம் வரைக்கும் அவன் இருமல் கேட்டது.

தனக்கொடி சோற்றுத் தூக்கோடு பின்னாலேயே ஓடிவந்தாள். அவசரத்தில் அவன் அதை மறந்துவிட்டுப் போய்விட்டான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வடிவேல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் கையிலிருந்த தூக்கை வாங்கினான்.

“நான் குடுத்துட்டு வரன் அண்ணி. தினமும் எங்கிட்டயே குடுத்துடுங்க. மார்க்கெட்டுக்குப் போற வழிதான.”

மில் ஒரு திசை, மார்க்கெட் ஒரு திசை. அது தெரியாதவன் புதுச்சேரியில் ஒருத்தன் கிடையாது. தனக்கொடி கையேற்றத்துக்குத் திரும்பினாள்.